குறையாது, மிஞ்சாது

ஜோசபினுக்கு நாற்பத்து மூன்று வயது. வாரத்தில் மூன்று நாள், காலை நேரம் முழுவதும், அவளுடைய இடது கை அவளுக்குச் சொந்தமில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு தடித்த ஊசிகள் ஏறியிருக்கும். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், இயந்திரத்துக்குள் சுற்றிச் சுத்தமாகி, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். அந்தக் கையை மடக்கக் கூடாது, தூக்கக் கூடாது, தூங்கிப்போனால்கூடப் புரட்டக் கூடாது. கொஞ்சம் அசைந்தாலும் இயந்திரம் கீச்சிடும். தாதி சம்சுன்னிசா ஓடி வருவாள்.

சிறுநீரகங்கள் கைவிட்டபோது ஜோசபின் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். நிறுவனத்தார் நல்லவர்கள். பூங்கொத்து அனுப்பினார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். பிறகு பாதி வேலை போதும் என்றார்கள். பிறகு ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்க மறந்தவர்கள் போல இருந்துவிட்டார்கள். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் வீட்டுக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ள இடம் காலியில்லை. லிட்டில் இந்தியாவில், ஒரு வீவக புளோக்கின், அதாவது அரசு அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழ்த்தளத்தில் இருந்த நிலையத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. அன்றிலிருந்து அந்த நாற்காலியைச் சுற்றித்தான் அவள் வாழ்க்கை. தண்ணீரை அளந்து குடித்தாள். வாழைப்பழத்தை விட்டாள். பினாங்கில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அங்கே ஓர் இயந்திரம் பேசி வைத்திருந்தார்கள், கடைசி நேரத்தில் அது கிடைக்காமல் போய்விட்டது. கழுத்தில் கயிறு கட்டிய மாடு மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை கணவர் அற்புதராஜிடம் சொன்னாள். அப்படியெல்லாம் பேசாதே என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் கணினியே சதுரங்கம் ஆடும்படி ஒரு நிரல் எழுத ஆரம்பித்தாள். சதுரங்கத்தில் அவள் பெரிய ஆட்டக்காரி இல்லை. காய்கள் நகரும் விதம் தெரியும், அவ்வளவுதான். சீக்கிரம் முடிந்துவிடாத ஒரு வேலை வேண்டும் என்று தேடினாள். மடிக்கணினியை மடிமேல் ஒரு தலையணையில் வைத்துக்கொண்டு, வலது கை விரல்களால் மட்டும் தட்டித் தட்டி எழுதினாள்.

பக்கத்து நாற்காலி மாணிக்கத்துடையது. அறுபது கடந்தவர், முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். மனைவி இறந்துவிட்டார், மகன் கபிலன் பெர்த்தில் இருந்தான். பஃபலோ சாலைப் பக்கம் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். டயாலிசிஸ் நடக்கும் நேரமெல்லாம் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருப்பார். ஜோசபின் திரையில் சதுரங்கப் பலகையைப் பார்த்த அன்று திட்டுவதை நிறுத்தினார். டிப்போவில் அவர்தான் சாம்பியனாம். ஓய்வு நேரத்தில் மலாய்க்காரர், சீனர் என்று யார் வந்தாலும் விடமாட்டாராம்.

அப்படித்தான் அவர் நிரலோடு ஆட ஆரம்பித்தார். அவர் தன் நாற்காலியில் சாய்ந்தபடி நகர்வைச் சொல்வார், ஜோசபின் தட்டுவாள், நிரலின் பதிலை வாசிப்பாள். நிரலுக்கு அவர் வைத்த பெயர் டப்பா. முதல் சில மாதம் டப்பா ஒவ்வொரு நகர்வுக்கும் அரை யுகம் யோசித்து, பிறகு மோசமாக ஆடியது. அவர் சலிக்காமல் ஜெயித்தார். அதற்குப் பிறகு ஜோசபின் அதற்கு நினைவு கொடுத்தாள்.

நான் இப்படிப் போனால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று சதுரங்க நிரல் லட்சக்கணக்கில் அலசும். வேறு வேறு வழியில் போனாலும் ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஒருமுறை அலசியதையே மறுபடி அலசாமல் இருக்க, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சுருக்க எண்ணைக் கொடுத்து, அதன் மதிப்பெண்ணை ஒரு பெரிய அட்டவணையில் போட்டு வைப்பார்கள். அதற்கு ஹேஷ் டேபிள் என்று பெயர். ஆனால் அங்கே போய்ச் சேரும் எண் பல சமயம் முழுசாக அளந்த எண்ணாக இருக்காது. வீடு பார்க்கப் போனவர் கூரை ஒழுகுவதைக் கண்டதும் சமையலறையைப் பார்க்காமலே திரும்பிவிடுவார் அல்லவா? நிரலும் அப்படித்தான். ஒரு வழிக்கு எதிரியிடம் ஒரு நல்ல பதிலடி இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த வழியைக் கைவிட்டுவிடும். அது எவ்வளவு மோசம் என்று கடைசிவரை அளக்காது. ஆகவே எண்ணோடு ஒரு குறியும் வேண்டும். இது சரியான மதிப்பா, இல்லை இதற்குக் குறையாது என்ற எல்லையா, இதற்கு மிஞ்சாது என்ற எல்லையா என்று அந்தக் குறி சொல்லும். ஜோசபின் அந்த இரண்டு எல்லைகளுக்கும் தமிழிலேயே குறையாது, மிஞ்சாது என்று பெயர் வைத்தாள். வேலையிடத்து நிரல்களில் அப்படி வைக்க விட்டிருக்க மாட்டார்கள்.

நினைவு வந்ததும் டப்பா புலியாகிவிட்டது. மாணிக்கம் தோற்க ஆரம்பித்தார். தோற்றாலும் நடுநடுவே யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்பார். நிரலோ யாருடைய முறையோ அவருடைய பக்கத்திலிருந்து மதிப்பெண் சொல்லும். ஒரு நகர்வுக்கு ஒருமுறை கூட்டல் கழித்தலாகவும் கழித்தல் கூட்டலாகவும் மாறிக்கொண்டே இருந்ததில் அவருக்குத் தலை சுற்றியது.

"எனக்கு எவ்ளோ, அதுக்கு எவ்ளோ, அத மட்டும் சொல்லுலா. பஸ்ஸுல ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒரே பக்கமா காட்டணும்," என்றார்.

அவர் எப்போதும் வெள்ளைக்காய்தான் கேட்பார். முதலில் நகர்த்துவதில் அவருக்கு ஒரு பிரியம். அதனால் மதிப்பெண் எல்லாவற்றையும் வெள்ளையின் பக்கத்திலிருந்தே அட்டவணையில் வைப்பது என்று ஜோசபின் மாற்றி எழுதினாள். கறுப்பின் முறையில் கிடைத்த எண்ணை உள்ளே போடும்போது திருப்பிப் போட வேண்டும். வெளியே எடுக்கும்போது மறுபடி திருப்பி எடுக்க வேண்டும். எடுக்கும் பகுதியை முதலில் எழுதினாள். போடும் பகுதியைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய ரத்த அழுத்தம் சரிந்தது. காது அடைத்தது, கெண்டைக்கால் முறுக்கியது. சம்சுன்னிசா ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்து, கால்களை உயர்த்தி, அக்கா, அக்கா என்று கன்னத்தைத் தட்டினாள். மறுநாள் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தபோது அந்த வரி முடிந்துவிட்டது போலவே தெரிந்தது.

அடுத்த வாரமே மாணிக்கம் ஜெயித்தார்.

டப்பா அவரை ஓர் ஓரத்தில் ஒடுக்கியிருந்தது. இன்னும் சில நகர்வில் முடிந்துவிடும் என்ற நிலையில், எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு யானையை அவருடைய குதிரை எடுக்கக்கூடிய கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. மாணிக்கம் அந்த நகர்வை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு அந்த யானையை எடுத்தார். பிறகு ராணியையும் எடுத்தார். நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ராஜாவுக்குச் செக்மேட் வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த ஆறு மாதமும் அவர் அடிக்கடி ஜெயித்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கதை: டப்பா நன்றாக ஆடும், நெருக்கும், திடீரென்று புத்தி பேதலித்தது போல ஒன்றைச் செய்யும். ஜோசபின் நினைவை எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாள். பைத்தியம் தெளிந்தது, ஆனால் பழைய ஆமை வேகம். நினைவைத் திரும்பக் கொடுத்தால் வேகம் வந்தது, கூடவே பைத்தியமும் வந்தது. பிழை அட்டவணையில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. தப்பான எண் வெளியே வருகிறது என்பதால் எடுக்கும் பகுதியை வரிவரியாகப் படித்தாள். அதில் குற்றமே இல்லை. இரண்டு நிலைகளுக்கு ஒரே சுருக்க எண் விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அதையும் சோதித்தாள். கை கட்டப்பட்டுக் கிடந்த நேரமெல்லாம் மனமும் அந்த ஒரே இடத்தில் செக்குமாடாகச் சுற்றியது.

மாணிக்கமோ ஆளே மாறிக்கொண்டிருந்தார். சவரம் செய்துகொண்டு வந்தார். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். பெர்த்துக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டரை எப்படி மடக்கினேன் என்று மகனிடம் விளக்கினார். முன்பெல்லாம் மகன் சீக்கிரம் போனை வைத்துவிடுவான். இப்போது கேள்வி கேட்கிறான் என்றார். நீங்கள் ஜெயிப்பது என் பிழையால்தான் என்று ஜோசபின் சொல்லவில்லை. பிழை எது என்று தெரியாமல் எதைச் சொல்வது என்று தள்ளிப்போட்டாள்.

இதே காலத்தில் அற்புதராஜ் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதற்காகச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் அவர் மேற்பார்வையாளர். நல்ல உடம்பு, கேட்டதும் ஒத்துக்கொண்டார். இறந்தவரின் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தால் பல வருடம் ஆகும் என்று சொல்லியிருந்ததால், இந்த ஒரு கதவைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் பிறந்தது. முடிவு இன்னும் வரவில்லை என்றார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனபோது, அங்கே தெரிந்தவர்கள் விசாரித்தார்கள். வந்துவிடும் என்று சிரித்தார். புத்தாண்டு முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து ஜோசபினுக்கு ஒரு போன் வந்தது. உங்கள் கணவருக்கு முடியாமல் போனது வருத்தம்தான், வேறு உறவினர் யாராவது முன்வருவார்களா என்று அந்தப் பெண் கேட்டாள். அவருடைய சிறுநீரில் புரதம் இருந்ததும், அதனால் அவர் கொடுக்கக் கூடாது என்று டிசம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதும் அப்போதுதான் ஜோசபினுக்குத் தெரிந்தது.

மாலையில் அவர் வந்ததும் கேட்டாள். அவர் காலணியைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு பாத்தேன். நீ சந்தோஷமா இருந்த. அத ஏன் கெடுக்கணும்?"

"நான் சந்தோஷமா இல்ல. காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க முடிஞ்சு போன ஒண்ணுக்கு என்னைக் காத்திருக்க வெச்சீங்க."

அவர் அழுதார். அவரும் பயந்துபோயிருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவருடைய சிறுநீரகமே இனிக் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவளால் அவரோடு சரியாகப் பேச முடியவில்லை. நோயில் கட்டுண்டு கிடப்பது ஒன்று. தன்மேல் இரக்கப்பட்டு எல்லோரும் சுவர் எழுப்புவது இன்னொன்று. நிறுவனத்தார் பூங்கொத்தால் எழுப்பினார்கள், இவர் புன்னகையால்.

பிழை அந்த வாரம்தான் அகப்பட்டது. பேச்சில்லாத ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில், எடுக்கும் பகுதியைப் படித்துப் படித்துப் புளித்துப்போய், போடும் பகுதிக்கு வந்தாள். கறுப்புக்கு ஐந்துக்குக் குறையாது என்றால், வெள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது கழித்தல் ஐந்துக்கு மிஞ்சாது. எண்ணைத் திருப்பினால் குறியையும் திருப்ப வேண்டும். எடுக்கும் இடத்தில் இரண்டையும் திருப்பியிருந்தாள். போடும் இடத்தில் எண்ணை மட்டும் திருப்பியிருந்தாள். மயக்கம் வந்த அன்று கை அங்கேதான் நின்றுபோயிருந்தது. அதனால் கறுப்பாக ஆடிய டப்பா, தனக்கு உள்ள ஆபத்து இதற்கு மேல் போகாது என்று நம்பிக்கொண்டு போய்க் குழியில் விழுந்தது. நல்ல வழிகளைப் பயந்து ஒதுக்கியது.

ஒரு வரி. அதை எழுதிச் சேர்த்து, மாணிக்கம் ஜெயித்த பழைய ஆட்டங்களை ஓடவிட்டாள். ஒன்றில்கூட டப்பா யானையைப் பறிகொடுக்கவில்லை.

அற்புதராஜ் எட்டிப் பார்த்தார். என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள், பல நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான். கேட்டுவிட்டு அவர், பெரியவர் பாவம், அவரிடம் அந்தப் பழையதையே வைத்து ஆடு, உனக்கு வேண்டியதை நீ தனியாக வைத்துக்கொள் என்றார். சொல்லி முடித்த பிறகு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

அடுத்த முறை ஜோசபின் நிலையத்துக்குப் போனபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். ஆனால் மாணிக்கம் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் விழா நடந்திருக்கிறது. குடியிருப்பாளர் குழுத் தலைவர் பரமசிவம் அவரை மேடைக்கு அழைத்து, மைக்கில், கம்ப்யூட்டரைத் தோற்கடித்த நம் புளோக்கின் மாணிக்கம் என்று அறிமுகப்படுத்தினாராம். சால்வை போர்த்தினார்களாம். அந்தப் படத்தைப் போனில் காட்டினார். சக்கர நாற்காலியில், சால்வையோடு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

ஜோசபின் படத்தைப் பார்த்தாள், நல்லா இருக்கு அங்கிள் என்றாள். சம்சுன்னிசா வந்து இருவருக்கும் ஊசி ஏற்றினாள். இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. இனி இரண்டு பேரும் எங்கேயும் எழுந்து போக முடியாது.

"டப்பாவ எடு," என்றார் மாணிக்கம்.

திறந்தாள். சொல்ல வாய் வரவில்லை. புதிய நிரலைத்தான் ஓடவிட்டாள். டப்பா அவரை நெருக்கியது. அவர் அமைதியாக, ஒரு வேட்டைக்காரனைப் போல, அது தடுமாறும் இடத்துக்காகக் காத்திருந்தார். அது தடுமாறவில்லை. செக்மேட் விழுந்தது. இன்னொன்று என்றார். அதிலும் தோற்றார். மூன்றாவதை நடுவில் நிறுத்தினார்.

"ஏதாச்சும் பண்ணுனியா?"

சொன்னாள். அன்று மயக்கம் வந்ததிலிருந்து, அந்த வரியிலிருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப நான் ஜெயிச்சது?"

"அது தப்பு பண்ணுச்சு, நீங்க அத விடாமப் பிடிச்சீங்க அங்கிள். ஆனா அது தப்பு பண்ணுனது என்னாலதான்."

"ஆறு மாசமா தெரியுமா?"

"ஏதோ தப்பு இருக்குன்னு தெரியும். எங்கன்னு போன வாரம்தான் தெரிஞ்சிச்சு."

அவர் முகத்தைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் நாற்காலியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார் என்று பிறகு சம்சுன்னிசா சொன்னாள். காலியிடம் எதுவும் இல்லை. ஆக இரண்டு பேரும் கையெட்டும் தூரத்தில், பேசாமல், வாரத்தில் மூன்று காலைகளைக் கழித்தார்கள். அவள் வணக்கம் சொல்வாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஜோசபின் அங்கே நிரலைத் திறக்கவே இல்லை. அது நன்றாக ஆடியது. வீட்டில் அற்புதராஜின் பழைய கணினியில், இணையத்தில் மற்ற நிரல்களோடு தானாக மோதிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஜெயித்தது. அந்தச் செய்தியைச் சொல்ல ஓர் ஆள் தேடியபோது, பக்கத்து நாற்காலியில் அந்தப் பக்கம் திரும்பிய முகம்தான் கண்ணில் பட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று பல முறை நினைத்தாள். ஒவ்வொரு முறையும் வாசலில் காலணியோடு நின்ற அற்புதராஜ் நினைவுக்கு வந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் மாணிக்கத்தின் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த முறையும் காலி. கேட்டதற்கு, இடது காலில் புண், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள் சம்சுன்னிசா. அவருடைய நாற்காலியில் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஜோசபின் அவரைப் பார்க்கப் போகலாமா என்று யோசித்தாள். வேண்டாத ஆளைப் படுக்கையில் இருப்பவர் விரட்டவும் முடியாது என்று நினைத்து, போகாமல் இருந்துவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்து அவர் திரும்பி வந்தார். காலை எடுக்கவில்லை, ஆனால் உடம்பு பாதியாக இளைத்திருந்தது. ஊசி ஏற்றி முடித்து, சம்சுன்னிசா நகர்ந்த பிறகு அவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பிட்டல்ல படுத்துக்கிட்டு எல்லா கேமையும் திருப்பிப் போட்டுப் பாத்தேன். கபிலனும் போன்ல கூட உக்காந்தான். ஒண்ணு மட்டும் அது தப்பு பண்ணாமலே நான் ஜெயிச்ச மாதிரி இருக்கு. அத டப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. பொய் சொல்லாத."

நகர்வுகளை அவர் மனப்பாடமாகச் சொன்னார். அவள் வலது கையால் தட்டினாள். திருத்திய நிரல் ஒவ்வொரு நிலையாக அலசியது. அவர் திரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் சொன்னாள்: அந்த ஆட்டத்திலும் டப்பா ஒரு பிழை செய்திருந்தது, இருபதாவது நகர்வுப் பக்கம். அதற்கு முன்னால் ஆட்டம் சமமாகத்தான் இருந்தது.

"சமமா?"

"ஆமா அங்கிள். அதுவரைக்கும் நீங்க சமமா பிடிச்சு வெச்சிருந்தீங்க. எண்ணு பூஜ்யம்னு காட்டுது. எல்லை இல்ல, சரியான மதிப்பு."

சரி, அந்த இருபதாவது நகர்விலிருந்து ஆடலாம், இந்த முறை அதை ஒழுங்காக ஆடச் சொல் என்றார். ஆடினார்கள். அவர் மெதுவாக ஆடினார், முன்னைப் போலப் பேசவில்லை. ஒரு சிப்பாயை இழந்தார், பிறகு இன்னொன்றை. விட்டுவிடலாமா என்று ஜோசபின் கேட்டபோது முறைத்தார்.

அவருடைய நேரம் முதலில் முடிந்தது. சம்சுன்னிசா ஊசிகளை உருவி, பஞ்சை வைத்துக் கட்டி, அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றினாள். வேன் வெளியே காத்திருக்கிறது, போகலாம் என்றாள். ஜோசபினுக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கியிருந்தது. மாணிக்கம் சக்கரத்தை வாசல் பக்கம் உருட்டாமல், அவளுடைய நாற்காலியின் வலது பக்கம், திரை தெரிகிற இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"வேன்காரன வெயிட் பண்ணச் சொல்லு. இது எப்படியும் என்னை முடிக்கப் போவுது. எப்படின்னு பாத்துட்டுப் போறேன்."

பிறகு குதிரையை எங்கே வைப்பது என்று நெடுநேரம் யோசித்தார்.